ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியில் சூரியன்: நெபுலாவுக்கு வாங்கிய வடிகட்டி போதுமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 80 மில்லிமீட்டர் விட்டமும் 500 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உடைய ஒளிவிலகல் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. விண்வெளி வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படமெடுப்பதற்காகச் சென்ற ஆண்டு 7 நானோமீட்டர் பட்டை அகலம் கொண்ட ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி ஒன்றை வாங்கினேன்; ஹைட்ரஜனின் ஒரு சிவப்பு ஒளியையும் அதை ஒட்டிய 7 நானோமீட்டர் அளவு அலைநீளங்களையும் மட்டும் அது விடும். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளும் அதன் முகப்பில் படரும் கரிய இழைகளும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியில்தான் தெரியும் என்று படித்தபோது, அந்த வடிகட்டிதான் கையில் இருக்கிறதே, புதிதாக எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. விற்ற கடைக்காரரிடம் கேட்டதற்கு, அலைநீளம் ஒன்றுதான், தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணியிருப்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு தொடங்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

கல்லணைக் கணியன் எழுதியது:

தம்பி, கேட்டுவிட்டுத் தொடங்க நினைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை அந்தத் தொலைநோக்கியைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 500 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் சூரியனின் பிம்பம் ஏறத்தாழ 4.6 மில்லிமீட்டர் அகலத்தில் விழும். 80 மில்லிமீட்டர் வில்லை வாங்கும் வெயில் முழுவதும் அந்தச் சிறு வட்டத்துக்குள் இறங்குவதால், அங்கே வெயிலின் செறிவு ஏறத்தாழ 300 மடங்கு ஆகிறது. மொத்த ஆற்றல் 5 வாட் அளவு என்றால் சிறியதாகத் தோன்றலாம். நகத்தின் பாதியளவு கூட இல்லாத இடத்தில் 5 வாட் இறங்கினால் என்ன ஆகும் என்பதை, பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்த எவரும் அறிவார்கள். நெபுலாவுக்கான வடிகட்டிகள் அந்த வெப்பத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. விரிசல் விட்டால் அந்த நொடியே முழு வெயிலும் கண்ணுக்குள் செல்லும். விரிசல் விடாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அவை தடுத்தே தீரும் என்ற உறுதி கிடையாது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், சேதம் நடக்கும்போது பார்ப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. என் இளமைக் காலத்தில் மலிவான தொலைநோக்கிகளோடு கண்ணருகு வில்லையில் திருகும் கரும்பழுப்புக் கண்ணாடி ஒன்றைத் தருவார்கள். அத்தகைய கண்ணாடி ஒன்று என் நண்பரின் வீட்டு மாடியில் ‘டப்’ என்று வெடித்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு கணம் முன்பு தலையை எடுத்திருந்ததால் தப்பினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அலைநீளம் ஒன்றுதான்: 656.28 நானோமீட்டர். ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் மூன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே தாவும்போது வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் ஒளி அது. ஆனால் நெபுலாவில் அந்த ஒளி இருட்டுப் பின்னணியில் பிரகாசமான கோடாக வருகிறது. சூரியனின் முகப்பிலோ அதே இடம் பிரகாசமான பின்னணியில் இருண்ட கோடாக இருக்கிறது. ஃபிரான்ஹோஃபர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிய நிறமாலையில் கண்ட இருண்ட கோடுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டபோது ‘சி’ என்று குறித்தது இதைத்தான். அறுவடை முடிந்த வயல்வெளியில் நள்ளிரவில் எரியும் ஒற்றை விளக்கை ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் காணலாம். அதே விளக்கை உச்சிவேளையில் கிட்டப் போய்த்தான் தேட வேண்டியிருக்கும். நெபுலாவுக்கும் சூரியனுக்கும் உள்ள வேறுபாடு அத்தகையது.

அந்த இருண்ட கோடு முழு இருட்டு அல்ல. அதன் நடுப்பகுதியில் சுற்றுப்புற வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எஞ்சியிருக்கிறது, அது, நமக்குச் சாதாரணமாகத் தெரியும் பரப்பான ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள நிறமண்டலம் என்ற மெல்லிய அடுக்கிலிருந்து வருகிறது. நாம் காண விரும்புவது அந்த ஆறில் ஒரு பங்கை மட்டுமே. கோட்டின் அகலம் சுமார் 1 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.1 நானோமீட்டர். உங்கள் வடிகட்டியின் அகலம் 70 ஆங்ஸ்ட்ராம். அதன் வழியே வரும் ஒளியில் மிகப் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே உள்ள சாதாரணச் சூரிய ஒளியே. நிறமண்டலத்தின் பங்கு சில நூறில் ஒன்றுதான் இருக்கும். ஆகவே, எவ்வளவு பாதுகாப்பாகப் பொருத்தினாலும், அதில் தெரியப்போவது சிவப்புச் சாயம் பூசிய சாதாரணச் சூரியன். சூரியனுக்கென்று செய்யப்படும் வடிகட்டிகள் 0.7 அல்லது 0.5 ஆங்ஸ்ட்ராம் அகலம் உடையவை. உங்களுடையதைவிட நூறு மடங்கோ அதற்கு மேலோ குறுகியவை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. வடிகட்டியை உடனே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தொலைநோக்கியின் முன்வாயில் ஒளியைக் குறைக்கும் சூரியத் தாளைக் கட்டி, பின்னால் இந்த வடிகட்டியையும் போட்டால் ஆபத்து இல்லை அல்லவா? முகப்பில் உள்ள இழைகள் தெரியாவிட்டாலும் விளிம்பில் உள்ள தீக்கொழுந்துகளாவது தெரியாதா? அவை வானத்தின் பின்னணியில் பிரகாசமாகத்தானே இருக்கின்றன?

கல்லணைக் கணியன் எழுதியது:

நல்ல கேள்வி. முன்வாயில் சரியான தாள் இருந்தால் ஆபத்து இல்லை என்பது சரி. ஆனால் அந்தத் தாள் ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. சூரிய முகப்பைக் குறைக்கும் அதே அளவு தீக்கொழுந்தையும் குறைக்கும். முகப்பைவிடப் பன்மடங்கு மங்கலான அது, தாளுக்குப் பின் கண்ணுக்கு எட்டவே எட்டாது.

விளிம்பைப் பற்றி நீங்கள் ஊகித்ததில் ஓர் உண்மை உண்டு. சூரிய வட்டத்தைத் தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு சிறு தகட்டால் மறைத்துவிட்டால், சில ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள வடிகட்டியைக் கொண்டும் தீக்கொழுந்துகளைக் காணலாம். பெர்னார் லியோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1930ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய கொரோனாகிராஃப் அந்த வழியில் வந்ததே. ஆனால் அது தனியாகச் செய்யப்படும் கருவி, தகடும் துணை வில்லைகளும் ஒரே அச்சில் அமைந்திருக்க வேண்டும், வில்லையில் தூசியே கூடாது. வீட்டில் இருக்கும் தொலைநோக்கியில் அவ்வாறு முயல வேண்டாம்.

குடமுருட்டி எழுதியது:

கணியன் ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். இருந்தாலும், இந்த உரையாடல் விலை உயர்ந்த வடிகட்டியை நோக்கியே போகும் என்று தெரிவதால், மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், முதலில், ஒரே நிறத்தைப் பிரித்தெடுக்காத வெண்ணொளிப் பார்வையே போதும். முன்வாயில் நல்ல சூரியத் தாள் ஒன்று போதும். கரும்புள்ளிகளும் அவற்றைச் சுற்றிய சாம்பல் நிற ஓரமும் விளிம்பருகே வெண்திட்டுகளும் தெரியும். 2024 மே மாதத்தில் 3664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம், பூமியைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் அகலமாகப் படர்ந்திருந்தபோது, தொலைநோக்கியே இல்லாமல் கிரகணக் கண்ணாடி வழியாக என் அம்மா அதைப் பார்த்தார். அதே கூட்டத்திலிருந்து கிளம்பிய வெடிப்புகளால்தான் லடாக்கின் ஹான்லே வானம் இரவில் செந்நிறமாக ஒளிர்ந்தது. தினமும் ஒரு தாளில் கரும்புள்ளிகளை வரைந்து வந்தால், சூரியன் சுழல்வதைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் தாங்களே கண்டறிவார்கள். ஒரு இருசக்கர வாகனம் வாங்கும் பணத்தைச் செலவழித்து வாங்கும் வடிகட்டியில் அத்தகைய பயிற்சி தானாக வந்துவிடாது.

அரசலாறு எழுதியது:

குடமுருட்டி அண்ணன் சொல்வது தொடங்குபவருக்கு நல்ல அறிவுரை. ஆனால் வெண்ணொளியில் கரும்புள்ளி இல்லாத நாளில் சூரியன் வெறும் வெள்ளைத் தட்டாக இருக்கும். ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் நான் ஒரு நாள் கூட வெறுமையான சூரியனைப் பார்த்ததில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து, 40 மில்லிமீட்டர் விட்டமுடைய சிறு சூரியத் தொலைநோக்கியால் ஆறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தச் சிறு வில்லையின் பிரிதிறன் இந்த அலைநீளத்தில் சுமார் 4 விகலை, அதாவது சூரியப் பரப்பில் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். அதைவிட நுண்ணியது தெரியாது. ஆனால் விளிம்புக்கு மேல் 50,000 கிலோமீட்டர் எழும் தீக்கொழுந்துக்கு அது தாராளம். நான்கு பூமிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற அத்தகைய வளைவு, காலைச் சிற்றுண்டிக்குக் கீழே இறங்கிப் போய்த் திரும்பி வருவதற்குள் உருமாறியிருக்கும்.

வடிகட்டியின் உள்ளே நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை ஏன் இவ்வளவு என்ற கேள்வி கட்டாயம் வரும். இதன் இதயம் எட்டலான் எனப்படும் இரட்டைக் கண்ணாடித் தட்டு. சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தது. ஒளியைப் பகுதியளவு பிரதிபலிக்கும் இரண்டு தட்டுகளுக்கு இடையே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி இருக்கும். ஒளி அந்த இடைவெளிக்குள் பலமுறை முன்னும் பின்னும் சென்று, சில அலைநீளங்களில் மட்டும் ஒன்றுகூடி வெளியேறும். சீப்பின் பற்களைப் போல ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்றாக அந்த அலைநீளங்கள் அமையும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு பல். மற்றவற்றை அடைக்க, கண்ணருகே இன்னொரு வடிகட்டி இருக்கும். இடைவெளி வெறும் 3 நானோமீட்டர் மாறினாலே பல் 0.1 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்துவிடும் என்றால், அந்தத் தட்டுகளைத் தேய்த்துச் சமன் செய்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது புரியும். பணம் அங்கேதான் போகிறது.

சரி, பல்லைக் கோட்டின் மேல் சரியாக நிறுத்துவது எப்படி? பழைய கருவிகளில் எட்டலானைச் சற்றே சாய்ப்பார்கள். சில கருவிகளில் அதை மூடிய அறைக்குள் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். இன்னும் சிலவற்றில் மைக்காவால் ஆன எட்டலானை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். மூன்றாவது வகை கண்ணருகே செருகப்படுவது, மின்சாரம் கொடுத்துச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். வெண்ணாற்றங்கரை அவர்களின் 80 மில்லிமீட்டர் கருவிக்கு அந்த வகை பொருந்தும்.

ஒரு புதிருக்கு யாராவது விடை சொல்லுங்கள். சென்ற கோடையில் என் கருவியைக் கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்றேன். தஞ்சைச் சமவெளியில் தெளிவாகத் தெரிந்த இழைகள் அங்கே மங்கிப்போயின. சாய்வுத் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகவில்லை. வானமோ இங்கே இருப்பதைவிடப் பல மடங்கு தெளிவு. திரும்பி வந்ததும் பழையபடி நன்றாகத் தெரிந்தது. மலைப்பாதைக் குலுக்கலில் ஏதோ அசைந்து, திரும்பும் வழியில் மீண்டும் சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கல்லணைக் கணியன் எழுதியது:

சகோதரி, குலுக்கலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, காரணம் காற்று. உங்கள் எட்டலானின் இடைவெளியில் இருப்பது வெளிக்காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1ஐவிடச் சுமார் 0.00028 மட்டுமே அதிகம் என்றாலும், 6563 ஆங்ஸ்ட்ராமோடு அதைப் பெருக்கினால் 1.8 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. அதாவது காற்று முழுவதையும் உறிஞ்சிவிட்டால் பல் அவ்வளவு தூரம் நீல முனை நோக்கி, அதாவது குறைந்த அலைநீளத்தின் பக்கம், நகரும். கொடைக்கானல் ஆய்வகம் இருக்கும் 2343 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆகவே நீங்கள் மலையேறியபோது பல் 0.4 ஆங்ஸ்ட்ராம் அளவு நீலப்பக்கம் போய்விட்டது. 0.7 ஆங்ஸ்ட்ராம் வடிகட்டிக்கு அது பெரிய விலகல்.

சாய்வுத் திருகு ஏன் உதவவில்லை என்பதுதான் இதில் சுவையானது. எட்டலானை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பல் நீலப்பக்கமே நகரும். சிவப்புப் பக்கம் போக வழியே இல்லை. ஒரு பாகை சாய்த்தால் 1 ஆங்ஸ்ட்ராம் நகர்வு. ஏற்கெனவே நீலப்பக்கம் விலகியதைச் சாய்த்துச் சாய்த்து இன்னும் தள்ளியிருக்கிறீர்கள். இதைக் கருதித்தான் சாய்வு வகைக் கருவிகளைச் செய்வோர், நேராக வைக்கும்போது பல் சற்றே சிவப்புப் பக்கம் இருக்குமாறு அமைத்து, சாய்த்துச் சரிசெய்ய இடம் விடுகிறார்கள். அந்த இடம் உங்கள் கருவியில் கொடைக்கானல் உயரத்துக்குப் போதவில்லை. மூடிய அறைக்குள் அழுத்தத்தை ஏற்றும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. டெல்டாவில் நமக்குக் கடல்மட்டம்தான். அந்த வகையில் நம் ஊர் வசதி.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பல் விலகினால் எல்லாம் கெட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு இழை நம்மை நோக்கி நொடிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்தால், டாப்ளர் விளைவால் அதன் கோடு ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் நீலப்பக்கம் நகர்ந்துவிடும். கோட்டின் நடுவில் வடிகட்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இழை திடீரென்று மறைந்தது போலத் தோன்றும். திருகைச் சற்றே நீலப்பக்கம் தள்ளினால் அதே இடத்தில் அது காத்துக்கொண்டிருக்கும். மறைந்த இழையைத் தேடிப் பிடிப்பதில் உள்ள மகிழ்ச்சிக்காகவே நான் சாய்வு வகைக் கருவியை விற்காமல் வைத்திருக்கிறேன்.

அரசலாறு எழுதியது:

ஓராண்டாக மனத்தில் கிடந்த முடிச்சை ஒரே பதிலில் அவிழ்த்துவிட்டீர்கள் ஐயா. திருகை இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பியபோது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கியதற்கும் இப்போது பொருள் விளங்குகிறது.

நாகைக் கரையோரம் எழுதியது:

வடிகட்டி வாங்கப் போகிறவர் ஈரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் என் வீடு. பிறர் பயன்படுத்திய பழைய கருவி ஒன்றை விலைக்கு வாங்கினேன். அதன் பின்புற வடிகட்டித் தகடு ஏற்கெனவே ஓரத்தில் வெளுத்துத் துருப்பிடித்தது போல் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வெளுப்பு நடு வரை பரவி, அடுத்த தையில் சூரியன் கலங்கிய செம்மண் நீரில் தெரிவது போல் ஆகிவிட்டது. பூச்சு இப்படிக் கெடுவது பழைய கருவிகளில் அடிக்கடி காணப்படும் குறை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பிறர் பயன்படுத்தியதை வாங்குவோர், கருவியைக் கழற்றித் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது என் கருவி, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா மணிகளோடு இருக்கிறது. மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடுகிறேன். சிலர் அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்கிறார்கள். தவிட்டுத் தூசி வில்லையில் ஏறுவதைத் தவிர அதனால் வேறு பலன் இல்லை.

குடமுருட்டி எழுதியது:

விலையைக் குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது முறையல்ல என்பதால், நான் செய்த வேலையைச் சொல்கிறேன். ஹைட்ரஜன்-ஆல்ஃபா படம் எடுக்க வடிகட்டியே தேவையில்லை, ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி போதும். கிறிஸ்டியான் பூய்ல் என்ற பிரெஞ்சு வானியல் ஆர்வலர், ‘சோலெக்ஸ்’ என்ற சிறு கருவியின் வரைபடங்களை யாவரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டிருக்கிறார். அதன் உடல் முழுவதையும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிடலாம். நான் திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து அச்சிட்டேன். உள்ளே 10 மைக்ரான் அகலமும் 4.5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பிளவு, ஒளியைப் பிரிக்க மில்லிமீட்டருக்கு 2400 கோடுகள் கொண்ட கீற்றணி, இரண்டு வில்லைகள், கறுப்பு வெள்ளைக் கேமரா ஆகியவை மட்டுமே உள்ளன. அச்சிடும்போது கறுப்பு நிறப் பிளாஸ்டிக் இழையையே கேளுங்கள். முதலில் கடைக்காரர் கைவசம் இருந்த வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்ததால் உள்ளே ஒளி சிதறி, அனைத்தையும் மறுபடி செய்ய நேர்ந்தது.

வேலை செய்யும் முறை எளிது. பிளவின் மேல் சூரிய பிம்பத்தை விழச் செய்து, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் மோட்டாரை நிறுத்திவிட்டால் பூமியின் சுழற்சியே பிம்பத்தைப் பிளவின் குறுக்கே நகர்த்தும். கேமரா ஒவ்வொரு கணமும் ஒரு நிறமாலைத் துண்டைப் பதிவு செய்யும். பிறகு கணினி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஹைட்ரஜன் கோடு இருக்கும் ஒற்றை வரியை மட்டும் எடுத்து, நெய்வது போல வரி வரியாக அடுக்கி முழுச் சூரியனை உருவாக்கிவிடும். வரியைச் சற்றே மாற்றி எடுத்தால், கணியன் ஐயா சொன்ன நீலப்பக்கமும் சிவப்புப் பக்கமும் அதே பதிவிலிருந்து கிடைக்கும். பிளவின் நீளம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், முழு வட்டமும் உள்ளே விழ வேண்டுமானால் குவியத் தூரம் 480 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெண்ணாற்றங்கரையின் 500 மில்லிமீட்டர் கருவியில் பிம்பம் மயிரிழை அளவு வெளியே போகும். இரண்டு பதிவுகளாக எடுத்து ஒட்டலாம். பிளவில் விழும் வெப்பத்தைக் குறைக்க முன்வாயில் ஒரு ஒளிகுறைப்புக் கண்ணாடியையும் மறக்கக் கூடாது. அது கேமராவுக்கான கண்ணாடி, கண்ணை வைப்பதற்கானது அல்ல.

குறை என்னவென்றால், இதில் கண்ணால் பார்க்க முடியாது, கணினித் திரைதான். பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாக இருக்குமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

கல்லணைக் கணியன் எழுதியது:

குடமுருட்டி அச்சிட்ட கருவிக்கு நம் பக்கத்திலேயே நல்ல வம்சாவளி உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் குண்டூர் வழியாகச் சென்றபோது, பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நிறமாலைமானியால் தீக்கொழுந்துகளைப் பார்த்தார். அவற்றின் ஹைட்ரஜன் கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது; மறுநாள் காலையே பிளவைச் சூரிய விளிம்பில் நிறுத்திப் பார்த்துவிட்டார். ஆங்கில வானியலாளர் லாக்கியரும் அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து தனியாக அதைச் செய்தார். சோடியத்தின் மஞ்சள் கோடுகளுக்கு அருகில், ஆனால் அவற்றோடு பொருந்தாமல் நின்ற ஒரு கோட்டைக் கொண்டு ஹீலியம் என்ற தனிமம் இனங்காணப்பட்டதும் அந்த ஆண்டின் கண்டறிதல்களிலிருந்துதான்.

பிளவை நகர்த்தி முழுப் படம் நெய்யும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃபை 1890களின் தொடக்கத்தில் அமெரிக்க வானியலாளர் ஹேல், பிரெஞ்சு வானியலாளர் தெலாந்திர் ஆகிய இருவரும் தனித்தனியே அமைத்தார்கள். கொடைக்கானலில் கால்சியம் கோட்டில் 1904 முதலும், ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் 1912 முதலும் அத்தகைய படங்கள் கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்டன. அந்தத் தகடுகள் இப்போது கணினிக் கோப்புகளாகியிருக்கின்றன. அந்த ஆய்வகத்தை அமைக்கத் தூண்டியவற்றுள் ஒன்று 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டியிருந்தது. ஆற்று நீரை நம்பி இருக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எத்தனை செய்திகள்! எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வெண்ணொளித் தாளை உடனே வாங்குவது, பணம் சேர்ந்ததும் சூடாக்கும் வகை வடிகட்டி என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: எங்கள் பக்கத்தில் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

அரசலாறு எழுதியது:

சூரியப் பார்வைக்குப் பகை மேகம் மட்டும் அல்ல, தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றும்தான். கான்கிரீட் மாடி சூடேறியதும் பிம்பம் கொதிக்கும் பாலைப் போல் அலையும். அதனால் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு, மாடி சுடத் தொடங்கும் முன் உள்ள சிறு இடைவெளியே எனக்கு வாய்த்த நல்ல நேரம். மாடியைவிட வயல்வரப்பு மேல். தண்ணீர் சூழ்ந்த நிலம் மெதுவாகச் சூடேறுவதால் அதன் மேல் காற்று அமைதியாக இருக்கும். உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுவே தீவில் கட்டியதற்கும் காரணம் இதுவே. நடவு முடிந்து நீர் நிற்கும் சம்பா வயல் நம் ஏழைகளுக்கு வாய்த்த ஏரி. ஆனால் அந்தப் பருவத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து மேகத்தைக் கொட்டுகிறது. மார்கழிக் கடைசியில் மழை விலகி, கதிர் இன்னும் நிற்கும் அந்த இரண்டு மூன்று வாரமே எனக்கு மிகவும் பிடித்த காலம். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் தூசி. தாளடியில் உளுந்து முளைத்துப் பச்சை பிடித்ததும் மறுபடி நன்றாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் 11 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால், பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிறுத்தப்படும் பூமத்தியரேகை மவுண்டின் அச்சு ஏறத்தாழத் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். சில மவுண்டுகளில் அவ்வளவு தாழ்வாகத் திருப்பவே இடமில்லை. வாங்கும் முன் அளவைப் பாருங்கள். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் சாதாரண மவுண்டிலும் அந்த வேளையில் பின்தொடர முடியாது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிடுங்கள். இந்த ஆழ்ந்த சிவப்பில் கண்ணின் உணர்திறன் பச்சையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்க வெளிச்சம் பட்டால் மெல்லிய இழைகள் தெரியாமல் போகும். தொலைநோக்கியின் மேல் உள்ள சிறு தேடுநோக்கியை மூடிவிடுங்கள் அல்லது கழற்றிவிடுங்கள். கருவியை ஒரு நிமிடமும் ஆளில்லாமல் விடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது (அடுத்த தையில்):

ஓராண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். வடிகட்டி கார்த்திகையில் வந்து சேர்ந்தது. மழை விடும் வரை சிலிக்கா மணிகளோடு டப்பாவிலேயே இருந்தது. போகிக்கு முதல் நாள் காலை எங்கள் களத்துமேட்டில் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதல் இரண்டு பேருக்குச் சிவப்புத் தட்டு மட்டும்தான் தெரிந்தது. வடிகட்டி இன்னும் சூடேறவில்லை என்பதை நான் மறந்திருந்தேன். அது தயார் என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்த பிறகு அவர்களை மீண்டும் வரிசையின் முன்னால் நிறுத்தியதில் மற்றவர்களுக்குக் கோபம். வடகிழக்கு விளிம்பில் மூன்று கொழுந்துகள் நின்றன. ஒவ்வொருவரையும் வரையச் சொல்லி, மாலையில் உலகெங்கும் ஆறு இடங்களிலிருந்து சூரியனைப் படமெடுக்கும் ‘காங்’ வலையமைப்பின் உதய்பூர்ப் படத்தோடு ஒப்பிட்டோம். நான் இரண்டு என்று நினைத்த இடத்தில் மூன்றாவது ஒன்று உண்டு என்று வாதாடியது ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். உதய்பூர்ப் படத்தில் அது இருந்தது.

கேமராவைப் பொருத்தியபோதுதான் ஒரு தொல்லை. படம் முழுவதும் மூங்கில் பாய் போல இணையான கரும்பட்டைகள் தெரிகின்றன. வடிகட்டியில் குறையா, கேமராவில் குறையா?

அரசலாறு எழுதியது:

இரண்டிலும் குறையில்லை. வாழ்த்துகள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவை நியூட்டன் வளையங்களின் இனத்தைச் சேர்ந்த பட்டைகள். ஒளி இவ்வளவு குறுகிய அலைநீளப் பட்டைக்குள் இருப்பதால், கேமரா சில்லுக்கும் அதன் மேல் உள்ள கண்ணாடிக்கும் இடையே பிரதிபலித்து ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. கேமராவுக்கு முன்னால் சாய்வு வளையம் ஒன்றை மாட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு திருகை மெல்லத் திருகுங்கள். பட்டைகள் நெருங்கி நெருங்கி, ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்கு மேல் சாய்த்தால் பிம்பத்தின் ஓரம் குவியம் தவறும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.